பக்கத்து வீட்டுப் பெரியம்மா போன பிறகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பெரியம்மா, அம்மாவுக்கு அக்கா. குடியிருந்ததும் பக்கத்து வீட்டில்தான். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே மதில் சுவர். நான் நடை பழகியதே அவர் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் என்று அம்மா சொல்வார். வயதாகி, கொஞ்சநாள் படுக்கையில் இருந்து, பெரியம்மா இறந்துபோனார். அதன் பிறகு தம்பி தங்கைகளும் எதிர்வீட்டுக்காரர்களும் இதேபோல ஒருவரை இழந்த நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றை இரவு தூக்கம் வராமல் நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். நான் மருத்துவரோ மனநல ஆலோசகரோ அல்ல. படித்ததையும் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பெரியம்மாதானே, அம்மா இல்லையே. இவ்வளவு துக்கப்படுவது சரியா?

சரிதான். உறவுமுறையை வைத்துத் துக்கத்தை அளக்கிற பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. அம்மா, அப்பா, கணவன், மனைவி, பிள்ளை என்றால் ஊரே வந்து பக்கத்தில் உட்காரும். பெரியம்மா, அத்தை, பக்கத்து வீட்டுப் பாட்டி என்றால் இரண்டு நாள் கழித்து "இன்னுமா அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய்?" என்ற கேள்வி வந்துவிடும். அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் இதற்கென்றே ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'அங்கீகாரம் கிடைக்காத துக்கம்' எனலாம். இழப்பு உண்மையானது. ஆனால் அதை வெளியே சொல்லி அழுவதற்கான உரிமையைச் சுற்றியிருப்பவர்கள் தருவதில்லை. அதனால் துக்கம் குறைந்துவிடுவதில்லை, தனியாகச் சுமக்க வேண்டியதாகிறது.

என் கணக்கு வேறு. அந்த மனிதர் உங்கள் ஒரு நாளில் எத்தனை முறை வந்துபோனார் என்று எண்ணிப் பாருங்கள். வெளியூரில் இருக்கும் நெருங்கிய உறவினர் இறந்தால் மனசு உடைகிறது, ஆனால் உங்கள் காலைப்பொழுது பழையபடியேதான் விடிகிறது. பெரியம்மா அப்படி இல்லை. காலையில் அவர் வீட்டு கேட் கொக்கி கிறீச்சிடும். ரேடியோ பாடும். மதிலுக்கு மேலே நரைத்த தலை மட்டும் தெரியும். "எழுந்தாச்சா?" என்ற குரல் வரும். நான் வேலையிலிருந்து திரும்பும்போது அவர் ஜன்னலில் விளக்கு எரியும். உறவினரும் அவரே, அண்டை வீட்டுக்காரரும் அவரே. போனது ஒருவர்தான் என்றாலும் இரண்டு இடம் காலியாகியிருக்கிறது.

வயதானவர், எதிர்பார்த்ததுதானே. அப்புறம் ஏன் இப்படித் தாக்குகிறது?

எதிர்பார்த்தது மரணத்தை. அவர் இல்லாத செவ்வாய்க்கிழமையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. "நல்லா வாழ்ந்துதானே போனார்" என்று சொல்பவர்கள் ஆறுதலுக்காகத்தான் சொல்கிறார்கள், அவர்கள்மேல் கோபப்பட வேண்டாம். ஆனால் நீண்ட காலம் வாழ்ந்தவரோடு நமக்கும் நீண்ட காலம் பழக்கம் இருந்திருக்கிறது. அவரில்லாத ஒரு நாளும் என் வாழ்க்கையில் இருந்ததில்லை. நான் பிறந்தபோதே அவர் அங்கே இருந்தார்.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டாமே? நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன்?

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த வரிசையை எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் 1969இல் எழுதினார். அவர் அப்போது பேசியது தீராத நோயில் தன் முடிவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு. அதைப் பிறகு, ஒருவரை இழந்து துக்கப்படுபவர்களுக்கும் பொருத்தினார்கள். எல்லோரும் அந்தப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நானும் முதலில் ஒரு தாளை வைத்துக்கொண்டு என்னை அந்த வரிசையில் தேடினேன். கிடைக்கவில்லை. ஏதோ தப்பாகத் துக்கப்படுகிறேன் என்று பயந்தேன்.

எனக்குப் பொருந்தியது வேறொன்று. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் சொன்னது. துக்கத்தில் இருப்பவர் ஊஞ்சல் மாதிரி போய்வருகிறார் என்பது அதன் சாரம். கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம்: அழுகை, ஏக்கம், பழைய படங்கள். கொஞ்ச நேரம் வாழ்க்கையின் பக்கம்: வேலை, கட்ட வேண்டிய பில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம். இரண்டும் தேவை. காலையில் சிரித்துப் பேசிவிட்டு மாலையில் அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பார்த்து உடைந்துபோவது நடிப்பல்ல, முரணும் அல்ல.

எனக்கு அழுகையே வரவில்லை. நான் கல் நெஞ்சுக்காரியா?

இல்லை. என் தம்பியும் அழவில்லை. பெரியம்மா வீட்டுத் தோட்டக்குழாய் ஒழுகுவதைச் சரிசெய்தான், பழைய கடிதங்களை அடுக்கினான். அவன் துக்கம் கை வழியாக வந்தது. சிலருக்குப் பல மாதம் கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் வரும். வராமலும் போகலாம்.

அவர் கூப்பிடுவது போலக் காதில் கேட்கிறது. மதிலருகே நிற்பது போலத் தெரிகிறது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

பயப்பட வேண்டாம். டெவி ரீஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1971இல் வெளியிட்ட ஆய்வில், துணையை இழந்த 293 பேரிடம் கேட்டார். ஏறக்குறையப் பாதிப்பேர், இறந்தவர் அருகில் இருப்பது போலவோ, குரல் கேட்பது போலவோ, உருவம் தெரிவது போலவோ உணர்ந்திருந்தார்கள். பலர் அதை யாரிடமும் சொன்னதில்லை. அப்படி உணர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

காரணமும் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பல வருடமாக ஒரே நேரத்தில் ஒரே சத்தத்தைக் கேட்டுப் பழகிய மூளை, அந்த நேரம் வந்ததும் அதை எதிர்பார்க்கிறது. எங்கோ ஒரு கதவு கிறீச்சிட்டால் பெரியம்மாவின் கதவு என்றே எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் குரல் உங்களைத் திட்டினால், உங்களையே வருத்திக்கொள்ளும்படி சொன்னால், அது வேறு விஷயம். தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

அண்டை வீட்டில் இருந்தவரை இழந்தவர்களுக்கு மட்டுமே உள்ள கஷ்டம் இது. மற்றவர்கள் ஊருக்குத் திரும்பிப் போய்விடலாம். நமக்கு அந்த வீடு கண்ணெதிரேயே நிற்கும். முதல் சில வாரம் நான் தெருவின் மறுபக்கமாக நடந்தேன். அந்த இருட்டு ஜன்னலைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைந்தது. சாவி வேறு எங்கள் வீட்டு ஆணியிலேயே தொங்கியது. அவர் எப்போதும் ஒரு சாவியை எங்களிடம் கொடுத்து வைத்திருப்பார்.

தவிர்ப்பது தப்பில்லை. ஆனால் தவிர்த்துக்கொண்டே இருந்தால் அந்த வீடு பெரிதாகிக்கொண்டே போகிறது. என்னை மீட்டது அவருடைய ரோஜாச் செடிகள். வாடுகின்றன என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். பெரியம்மாவின் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு உள்ளே போனேன். முதல் நாள் ஐந்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை, தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடிவந்துவிட்டேன். அப்புறம் பத்து நிமிடம். ஒருநாள் அவர் படியில் உட்கார்ந்தே விட்டேன். செய்வதற்கு ஒரு சின்ன வேலை இருந்தால் அந்த வீட்டுக்குள் போக ஒரு காரணம் கிடைக்கிறது. வெறுமனே நினைத்துக்கொண்டு நிற்பதைவிட அது எளிது.

கடைசியாக அவர் கூப்பிட்டபோது நான் போகவில்லை. இதை எப்படித் தாங்குவது?

இந்தக் கேள்வியை என்னிடம் மூன்று பேர் கேட்டார்கள். என்னிடமும் இதே கதை உண்டு. ஒரு மாலை மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பெரியம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். "இதோ வர்றேன் பெரியம்மா" என்றேன். பேச்சு நீண்டது, மறந்துபோனேன். அன்று இரவே அவருக்கு உடம்பு முடியாமல் போய் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு அவரால் சரியாகப் பேச முடியவில்லை. எதற்காகக் கூப்பிட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதற்கு மருந்து என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்ப்பதால்தான் அந்த மாலை தனித்துத் தெரிகிறது. அன்று அது பத்தோடு பதினொன்றான ஒரு மாலை. எத்தனையோ முறை அவர் கூப்பிட்டதும் ஓடியிருக்கிறேன். எத்தனையோ முறை 'இதோ' என்று சொல்லி மறந்து, மறுநாள் திட்டு வாங்கியிருக்கிறேன். அவரும் நான் கூப்பிட்டபோது அப்படித்தான் மறந்திருக்கிறார், நானும் திட்டியிருக்கிறேன். பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதெல்லாம் சகஜம். அந்த ஒரு மாலையை அதுக்கு முன்னால் இருந்த வருடங்களோடு சேர்த்தே வைக்கப் பார்க்கிறேன். சில நாள் முடிகிறது.

மனதில் அடைத்துக்கொண்டு இருக்காதீர்கள். அவரை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் சொல்லுங்கள். இறந்தவருக்கே ஒரு கடிதமாக எழுதலாம், நான் எழுதினேன். முதல் வரியே "எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்பதுதான்.

நினைவுகளை எழுதி வைக்க வேண்டுமா? எப்போது தொடங்குவது?

இன்றே. துக்கத்தின் முதல் வாரங்களில் எதுவும் மறக்காது என்றுதான் தோன்றும். மறக்கும். நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த படம் அல்ல. ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932லேயே இதைக் காட்டினார். ஒன்றை நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் அதை மறுபடி கட்டுகிறோம். கட்டும்போது சில செங்கல் விடுபடும், சில புதிதாகச் சேரும். அதனால் காலம் தள்ளத் தள்ள எல்லாப் பெரியம்மாக்களும் 'அன்பானவர், தங்கமான மனசு' என்று ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள்.

'அன்பானவர்' என்று எழுதாதீர்கள். அது உண்மைதான், ஆனால் அதில் அவர் இல்லை. என் நோட்டில் இருப்பவை இப்படி: கண்ணாடிக் காம்பு உடைந்ததும் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டார், புதிது வாங்கித் தந்தும் மாற்றவில்லை. நாட்காட்டித் தாளைக் கிழித்தால் எறியமாட்டார், பின்பக்கம் கணக்கு எழுதுவார். யாராவது கிளம்பும்போது "போகிறேன்" என்றால் விடமாட்டார், "வருகிறேன்" என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவார். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். மழை வருமா என்று முழங்காலைத் தடவிவிட்டுச் சொல்வார்.

தொடங்கத் தெரியவில்லை என்றால் இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கதவைத் திறந்ததும் முதலில் என்ன சொல்வார்? கை எப்படி இருக்கும்? எதற்குச் சிரிப்பார், எதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்? அவர் மட்டும் பயன்படுத்திய சொல் எது? வரிசையாக எழுத வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு வரி போதும். மற்றவர்களையும் கேளுங்கள். எனக்குத் தெரிந்த பெரியம்மாவும் அம்மாவின் அக்காவும் ஒரே ஆள் அல்ல. அம்மாவிடம் கேட்ட பிறகுதான், சிறுமியாக இருந்தபோது அவர் மரம் ஏறி விழுந்து கையை உடைத்துக்கொண்டார் என்று தெரிந்தது. அந்தக் கையால்தான் என்னைத் தூக்கியிருக்கிறார்.

அவருடைய குறைகளையும் எழுதலாமா?

எழுத வேண்டும் என்பது என் கட்சி. பெரியம்மா பிடிவாதக்காரர். ஒருமுறை மதில் ஓரத்து மரக்கிளை விஷயத்தில் அம்மாவோடு பல நாள் பேசவில்லை. மதிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு அக்கா தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற அந்த நாட்களையும் எழுதி வைத்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டால், பிறகு ஒரு காலையில் ஒன்றும் நடக்காதது போல "எழுந்தாச்சா?" என்று கேட்ட பெரியம்மாவும் போய்விடுவார். அவருடைய பிள்ளைகளைப் புண்படுத்தக்கூடிய குடும்ப ரகசியங்கள் வேறு. அவற்றை எழுத வேண்டுமா என்று அவர்களைக் கேட்டு முடிவெடுங்கள்.

குரல், படங்கள், கைபேசியில் உள்ளவை: எப்படிப் பாதுகாப்பது?

இதில் மட்டும் அவசரம் காட்டுங்கள். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். கூகுள் கணக்கை இரண்டு ஆண்டு யாரும் திறக்காமல் விட்டால் அதிலுள்ள படங்கள் உட்பட அழிக்கப்படலாம். ஆகவே அவர் கைபேசியை யாருக்காவது கொடுப்பதற்கு முன், துடைத்துச் சுத்தம் செய்வதற்கு முன், உள்ளே இருப்பவற்றை வெளியே எடுத்து வையுங்கள். அதை அவருடைய பிள்ளைகளோ சட்டப்படி உரிமை உள்ளவர்களோதான் செய்ய வேண்டும். உங்களுக்கு அவர் அனுப்பிய குரல் செய்திகள் உங்கள் கைபேசியிலேயே இருக்கும், அவற்றைத் தனியே சேமியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி வைத்திருங்கள்: இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்றாவது வேறு ஒரு வீட்டில். அச்சுப் படங்களை ஸ்கேன் செய்யும்போது 300 டிபிஐக்குக் (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) குறையாமல் எடுங்கள், சிறிய படங்களுக்கு 600. பசை ஒட்டிய தாள் உள்ள பழைய ஆல்பங்கள் படங்களைக் கெடுத்துவிடும், முடிந்தால் அதிலிருந்து பிரித்தெடுங்கள். பலமாக ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், அப்படியே படம் பிடியுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். எங்களிடம் ஒரு படம் இருக்கிறது. பெரியம்மா ஒரு பெண்ணின் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறார். அந்தப் பெண் யார் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

இடத்தின் சத்தங்களையும் பதிவு செய்யுங்கள். நான் அவர் கேட் கொக்கியைத் திறந்து மூடி, பதினொரு விநாடி பதிவு செய்து வைத்திருக்கிறேன்.

அவருடைய பொருட்களில் எதை வைத்துக்கொள்வது?

விலையுள்ளவை வாரிசுகளுக்கு. அதில் நமக்குப் பேச்சே இல்லை. நான் கேட்டது நூல் சுற்றிய கண்ணாடியை மட்டும், சந்தோஷமாகக் கொடுத்தார்கள். அவர் அடிக்கடி தொட்ட பொருளாக எடுங்கள். துணி கிடைத்தால் உடனே துவைத்துவிடாதீர்கள். வாசனைச் செய்தி மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு மற்றப் புலன்களைவிட நேரடியான வழியில் போகிறது. ஒரு சால்வையின் வாசம் ஒரு முழு மாலையைத் திருப்பித் தந்துவிடும். மூடிய உறையில் வைத்தால் கொஞ்சம் கூடுதல் நாள் இருக்கும்.

அவருடைய பிள்ளைகளிடம் என் துக்கத்தைக் காட்டலாமா? அவர்கள் இழப்புதானே பெரிது?

காட்டலாம், அவர்கள் தோளில் சாய்ந்துகொள்ளாமல். என் அழுகையை நான் வேறு இடத்தில் வைத்துக்கொண்டேன், அவர்களுக்கு நான் கொடுத்தது கதைகள். வேலைக்காக வெளியூர் போய்விட்ட பிள்ளைகளுக்கு அம்மாவின் கடைசி வருடங்களின் சாதாரண நாட்கள் தெரியாது. பக்கத்து வீட்டில் இருந்த நமக்குத் தெரியும். பெரியம்மா தினமும் மாலை ரேடியோவோடு சேர்ந்து பாடுவார் என்று அண்ணனிடம் சொன்னபோது, "அம்மா பாடுவாங்களா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் மறுபடி போன் செய்து என்ன பாட்டு என்று கேட்டார்.

குழந்தைகளிடம் என்ன சொல்வது?

'இறந்துவிட்டார்' என்ற சொல்லையே சொல்லுங்கள். 'தூங்குகிறார்' என்றால் சில குழந்தைகள் தூங்கவே பயப்படும். 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்றால் எப்போது வருவார் என்று காத்திருக்கும். இறந்தவர் திரும்ப வரமாட்டார் என்பது பொதுவாக ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் முழுமையாகப் புரிகிறது. அதனால் ஒரே கேள்வி பத்து முறை வரும். பத்து முறையும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லுங்கள். நீங்கள் அழுவதை அவர்கள் பார்த்தாலும் பரவாயில்லை, ஏன் அழுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

நினைவுக் கூட்டத்தில் பேசச் சொல்கிறார்கள். என்ன பேசுவது?

ஒரே ஒரு சம்பவம், மூன்று நிமிடம். தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தொண்டை அடைத்தால் வேறொருவர் வாசிக்கட்டும்.

எப்போது மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போக வேண்டும்?

துக்கம் நோயல்ல. ஆனால் சிலருக்கு அது தளராமல் அப்படியே இறுகி நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'நீடித்த துக்கக் கோளாறு' இப்போது இடம்பெற்றிருக்கிறது. குறைந்தது 6 மாதத்துக்கு மேலும் தீவிரமான ஏக்கம் குறையாமல், அன்றாட வாழ்க்கையே நடத்த முடியாமல் இருப்பது அதன் அடையாளம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் தன் பட்டியலில் இதைச் சேர்த்தபோது பெரியவர்களுக்கு 12 மாதம் என்று வைத்தது. மாதக் கணக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. சாப்பிட, தூங்க, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் முன்பே போகலாம். அவரோடு போய்விட வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள்.

அவர் வீட்டுக்குப் புதியவர்கள் வந்துவிட்டார்கள். ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எனக்கும் முடியவில்லை. ஜன்னலில் மறுபடி விளக்கு எரிந்த முதல் இரவு ஒரு கணம் சந்தோஷப்பட்டுவிட்டு, உடனே அழுதேன். வந்தவர்கள் கேட் கொக்கிக்கு எண்ணெய் போட்டார்கள், இப்போது சத்தம் வருவதில்லை. அவர்கள் மேல் தப்பு ஒன்றுமில்லை, குடியிருப்பவர்கள் எண்ணெய் போடத்தான் செய்வார்கள்.

ஒரு வாரம் கழித்து ரோஜாச் செடிகளைப் பற்றிச் சொல்லப் போனேன். காலையிலேயே தண்ணீர் ஊற்றிவிடுங்கள், மாலையில் ஊற்றினால் பெரியம்மாவுக்குப் பிடிக்காது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "யார் பெரியம்மா?" என்று கேட்டார் அந்த வீட்டுப் பெண். படியில் எனக்கும் இடம்விட்டு உட்கார்ந்தார். இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.